கொமிஷனில் கரையும் கண்டியின் வருமானம்

கண்டியில் சுற்றுலாவை நம்பித் தொழில் செய்யும் முதலாளி ஒருவரிடம், விளம்பரத்துக்கு வருடத்துக்கு எவ்வளவு செலவழிக்கிறீர்கள் என்று கேட்டால், 'அப்படிப் பெரிதாக ஒன்றும் இல்லை' என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். இணையத்தளத்தைக் கொஞ்சம் திருத்தலாமே என்றால், அதற்கு இப்போது காசில்லை என்பார். இரண்டையும் அவர் மனதாரத்தான் சொல்கிறார். ஆனால் அதே முதலாளி, விருந்தினரை ஏற்றி வந்த முச்சக்கரவண்டிச் சாரதிக்கும், வானில் கூட்டி வந்த வழிகாட்டிக்கும், அறையைப் பதிவுசெய்து கொடுத்த வெளிநாட்டுத் தளத்துக்கும் மாதாமாதம் கொடுப்பதைக் கூட்டிப் பார்த்தால் தொகை இலட்சங்களில் வந்து நிற்கும். ஆள் பிடிப்பதற்குக் கொடுக்கும் காசும் விளம்பரச் செலவுதான். கணக்குப் புத்தகத்தில் அது அந்தப் பெயரில் ஏறாததால் கண்ணில் படுவதில்லை.

இந்தப் பழக்கம் இணையம் வருவதற்கு மிக முந்தியது. கொழும்பு வீதியில் மாவனல்லைப் பக்கம் வரிசையாக இருக்கும் வாசனைத் திரவியத் தோட்டங்களும், கண்டிக்குள் வந்தால் இரத்தினக்கல், பத்திக், மரச்சிற்பக் கடைகளும் பெரும்பாலும் சாரதி, வழிகாட்டி கொமிஷனில் ஓடுகின்றன. வாகனம் வாசலில் நிற்கும்போதே பயணி வாங்கப்போகும் பொருளின் விலையில் கூட்டி வந்தவரின் பங்கும் ஏறிவிடுகிறது. அந்தச் சாரதிகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களும் பிழைக்க வேண்டும். பெற்றோல் விலை ஏறிய நாட்களில் பலருடைய வீட்டு அடுப்பு அந்தக் காசில்தான் எரிந்தது. ஆனால் தன் கடைக்கு யார் வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஒரு முதலாளி முழுக்க முழுக்கப் பிறர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பது நல்ல வியாபாரம் ஆகாது. கடந்த பதினைந்து வருடங்களில் இந்தப் பழைய கொமிஷனுக்கு மேல் புதிதாக இன்னொன்றும் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைக் கொண்டுபோகிறவர் சாரதியைப் போல நம் ஊரில் சாமான் வாங்குவதில்லை. அந்தப் பணம் நாட்டைவிட்டே போகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது உதாரணக் கணக்குத்தான். வாசகர் தம்முடைய எண்களைப் போட்டுக்கொள்ளலாம். அனிவத்தையிலோ ஹந்தானைச் சரிவிலோ பத்து அறைகள் கொண்ட ஒரு விடுதி. நல்ல மாதம், கெட்ட மாதம் எல்லாம் சேர்த்து ஒரு இரவுக்குச் சராசரியாக ஐந்து அறைகள் நிரம்புகின்றன. வருடத்துக்கு 1,825 அறை இரவுகள். ஒரு அறை 12,000 ரூபாய் என்றால் மொத்த வருமானம் 2 கோடியே 19 இலட்சம். புக்கிங் டொட் கொம் போன்ற தளங்கள் எடுக்கும் கொமிஷன் உலகளவில் சராசரியாக 15 வீதமளவில் இருக்கிறது. இடத்தையும் ஒப்பந்தத்தையும் பொறுத்துக் கூடும், குறையும். எல்லா அறைகளும் அந்த வழியாகவே நிரம்பினால், வருடத்துக்கு 32 இலட்சத்து 85 ஆயிரம் ரூபாய் கொமிஷனாகப் போகிறது.

இதில் ஐந்தில் ஒரு பங்கு விருந்தினர், அதாவது ஒரு நாளைக்கு ஒரே ஒரு அறைக்காரர், விடுதியின் சொந்த இணையத்தளம் வழியாகவோ வட்ஸ்அப் வழியாகவோ நேரடியாக வந்தால் என்ன ஆகும்? அந்த அறைகளின் வருமானம் 43 இலட்சத்து 80 ஆயிரம். அதற்கான கொமிஷன் 6 இலட்சத்து 57 ஆயிரம் மிச்சமாகிறது. கார்ட்டில் பணம் வாங்குவதற்கான கட்டணம் 3 வீதம் என்று வைத்து 1 இலட்சத்து 31 ஆயிரத்தைக் கழித்தாலும் கையில் நிற்பது 5 இலட்சத்து 25 ஆயிரத்துக்கு மேல். நல்ல புகைப்படக்காரரைக் கூப்பிட்டு, தளத்தை ஒழுங்காகக் கட்டி, வருடம் முழுக்க அதைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியும் கொடுக்க இந்தத் தொகை இடம்கொடுக்கும். ஒரு நாளைக்கு ஒரு அறை என்பது எட்டாத இலக்கல்ல.

வீட்டில் படித்த பிள்ளை இருந்தும் இந்தப் பேச்சு பலிக்காமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. கம்பஸில் படித்துவிட்டு வந்த மகள், தளத்துக்கு வரும் டிராஃபிக், தேடலில் கிடைக்கும் இடம், லைக் எண்ணிக்கை என்று அந்தத் தொழிலின் சொற்களிலேயே பேசுகிறாள். முப்பது வருடம் கல்லாவில் உட்கார்ந்த தகப்பனுக்கு அவை வெறும் சத்தம். அதே மகள், "அப்பா, போன மாசம் கொமிஷன் மட்டும் எவ்வளவு போயிருக்கு? அது எத்தனை அறைக் காசு?" என்று கேட்டால் தகப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பில்லைத் தேடுவார். செலவழிக்க வேண்டிய தொகையைச் சொல்லிக்கொண்டு போகிறவரை எந்த முதலாளியும் உற்சாகமாக வரவேற்றதில்லை. ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் தொகையைக் காட்டுகிறவருக்குத்தான் காது கிடைக்கும்.

அறைப் பதிவுத் தளங்களை ஒதுக்கிவிட வேண்டும் என்பது என் வாதமல்ல. போலந்திலோ தென்கொரியாவிலோ இருக்கும் ஒருவருக்கு கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டு விடுதி இருப்பதை அவைதான் சொல்கின்றன. அந்த வேலைக்குக் கூலி கொடுப்பது நியாயம். முதல் தடவை வருகிறவரை அவர்கள் கொண்டுவரட்டும். இரண்டாம் தடவை வருகிறவருக்கும், அவர் சொல்லி அனுப்பும் நண்பருக்கும் அதே 15 வீதத்தைக் கொடுப்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை. திரும்பிப் போகும் விருந்தினர் கையில் ஒரு அட்டையைக் கொடுத்து, அடுத்த முறை இந்த முகவரியில் எங்களிடமே சொல்லுங்கள் என்று கேட்கிற விடுதிகள் கண்டியில் எத்தனை?

ஒப்பந்தத்தில் ஒரு வரியை மட்டும் கவனமாக வாசிக்க வேண்டும். பதிவுத் தளத்தில் போட்ட விலையைவிடக் குறைவாக உங்கள் சொந்தத் தளத்தில் போடக்கூடாது என்ற நிபந்தனை பல காலமாக உலகெங்கும் விடுதிக்காரரைக் கட்டிப்போட்டிருந்தது. ஜேர்மனியின் போட்டி ஒழுங்கமைப்பு ஆணையம் 2015 டிசம்பரில் புக்கிங் டொட் கொம்மின் இந்த நிபந்தனையைத் தடைசெய்தது. 2021 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் அந்த நிறுவனத்தின் மீது பாய்ந்தபோது ஒன்றியம் முழுக்கவே அந்த நிபந்தனை கைவிடப்பட்டது. அங்கே ஹோட்டல் சங்கங்கள் வருடக்கணக்காக வழக்காடிப் பெற்றது அது. நம் ஒப்பந்தத்தில் அப்படியொரு வரி இருந்தால், விலையைக் குறைக்காமலே நேரடியாக வருகிறவருக்கு அதிகமாக ஒன்றைக் கொடுக்கலாம்: புகையிரத நிலையத்திலிருந்து அழைத்து வருவது, காலைச் சாப்பாடு, மாலை தலதா மாளிகைப் பூஜை நேரத்துக்கு வாகனம்.

அழைப்பது சரி, அழைத்து எங்கே உட்கார வைக்கப்போகிறோம் என்பதுதான் அடுத்த கேள்வி. கண்டியின் பல விடுதிகள், உணவகங்கள், கடைகளின் இணையத்தளங்களைக் கைபேசியில் திறந்து பார்த்தால் மனம் வருந்துகிறது. முதலில் ஒரு வெள்ளைத் திரை. பிறகு கண்டி வாவியின் படம் மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல இறங்குகிறது. அது முழுதாக வருமுன் அடுத்த படம் நகரத் தொடங்குகிறது. பெரஹரா என்ற பக்கத்தில் நாலைந்து வருடத்துக்கு முந்தைய திகதிகள். தொலைபேசி இலக்கத்தை அழுத்தினால் அழைப்புப் போவதில்லை, ஏனென்றால் அது படமாகப் போடப்பட்டிருக்கிறது. விலை எங்கும் இல்லை. 'தொடர்புகொள்ள' என்ற படிவத்தை நிரப்பி அனுப்பினால், வேலையை விட்டுப் போன முகாமையாளரின் மின்னஞ்சலுக்கு அது போய்ச் சேருகிறது. அந்தப் பயணி என்ன செய்வார்? பின்னால் போய், பதிவுத் தளத்தில் அதே விடுதியைத் தேடிப் பதிவுசெய்வார். சொந்த வாசலுக்கே வந்து நின்ற விருந்தாளியை 15 வீதம் கொடுத்து இன்னொருவர் வாசல் வழியாக உள்ளே எடுக்கிறோம்.

இதைத் திருத்தப் பெரும் பணம் தேவையில்லை. கூகுள் இப்போது தளங்களைப் பார்ப்பது கைபேசிப் பதிப்பைக் கொண்டுதான். பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது அது வைத்திருக்கும் அளவுகோல். படங்களைச் சுருக்கிப் போட்டாலே பாதி நோய் தீர்ந்துவிடும். விலை, அறையின் உண்மையான படம், குளியலறையின் படம், சுடுதண்ணீர் உண்டா, வாகனம் மேலே வருமா அல்லது படியேறி வர வேண்டுமா, குரங்குத் தொல்லை உண்டா என்பவை தெளிவாக இருந்தால் போதும். கண்டி மேடு பள்ளமான ஊர். வயதானவரைக் கூட்டி வருகிறவருக்குப் படிகளின் எண்ணிக்கை அழகான சூரியோதயப் படத்தைவிட முக்கியம். 2021 மார்ச்சிலிருந்து ஹோட்டல்களின் சொந்தப் பதிவுப் பக்கத்துக்கான இணைப்பைக் கூகுள் தன் தேடலில் கட்டணமின்றிக் காட்டுகிறது. இப்படிக் கிடக்கும் வசதியை எடுத்துக்கொள்ளாமல் இருக்கிறோம்.

பேஸ்புக் பக்கம் இருக்கிறதே, அது போதாதா என்று பலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குக் கண்டியின் சொந்த வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. வெறுப்புப் பேச்சு பேஸ்புக்கில் தீயாகப் பரவியது. அந்த நிறுவனமே பின்னர், 2020இல், அதில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்கு வருத்தம் தெரிவித்தது. மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை நாடு முழுவதும் முடக்கியது. ஏறத்தாழ ஒரு வாரம் அந்தத் தடை நீடித்தது. உயிரும் உடைமையும் இழந்தவர்களின் துயரத்தோடு ஒப்பிட்டால் வியாபாரத் தொடர்பு அறுந்தது சிறிய விடயம்தான். ஆனாலும் ஊரடங்கு நேரத்தில், ஏற்கெனவே பதிவுசெய்தவர்கள் 'நாங்கள் வரலாமா?' என்று உலகின் மறுமுனையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தபோது, பேஸ்புக்கைத் தவிர வேறு முகவரி இல்லாதவர்களுக்குப் பதில் சொல்ல வழியிருக்கவில்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகும் அதே தடை வந்தது. 2022 ஏப்ரலில் சில மணி நேரத்துக்கு மறுபடியும் வந்தது. பிறர் இடத்தில் போட்ட கடை எந்த நேரமும் மூடப்படலாம் என்பதற்கு நாலு வருடத்தில் மூன்று சாட்சிகள்.

இந்தத் தொழிலைப்போல ஏறி இறங்கும் தொழில் வேறில்லை. 2018இல் இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 23 இலட்சத்து 33 ஆயிரம் பேர். 2021இல் ஒரு இலட்சத்து 94 ஆயிரம். 2022இல், எரிபொருள் வரிசைகளின் நடுவே, 7 இலட்சத்து 20 ஆயிரம். 2024இல் 20 இலட்சத்து 53 ஆயிரமாக மீண்டது. பிறகு 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல். கண்டி மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று. மலைகள் சரிந்து குடும்பம் குடும்பமாகப் புதைந்தார்கள், மலையகப் புகையிரதப் பாதை பல இடங்களில் அறுந்தது, கடுகண்ணாவையில் கொழும்பு வீதி மூடப்பட்டது. இப்படியான நேரங்களில் வெளிநாட்டில் இருப்பவருக்குத் தெரிவது தொலைக்காட்சியின் சில காட்சிகள் மட்டும். 'எங்கள் பகுதியில் வீதி திறந்திருக்கிறது, இந்த வழியாக வரலாம், புகையிரதம் இன்னும் ஓடவில்லை, வர முடியாதவர்கள் திகதியை மாற்றிக்கொள்ளலாம்' என்று திகதியோடு நாலு வரி எழுதிப்போட ஒரு இடம் இருந்தால், இரத்தாகப்போகும் பதிவுகளில் சில தள்ளிப்போடப்பட்ட பதிவுகளாக மாறும். அந்த நாலு வரி உண்மையாக இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. மண்சரிவு எச்சரிக்கை உள்ள இடத்துக்கு ஆட்களை அழைக்கும் விளம்பரம் குற்றம்.

தமிழில் எழுதும் எனக்கு இன்னொரு ஆதங்கமும் உண்டு. இலங்கைக்கு அதிகம் வருகிறவர்கள் இந்தியர்கள். 2024இல் மட்டும் நாலு இலட்சத்துக்கு மேல். சென்னையிலிருந்தும் மதுரை, கோவைப் பக்கங்களிலிருந்தும் குடும்பத்தோடு வருகிறவர்கள் நுவரெலியா, சீதா எலிய போகும் வழியில் கண்டியில் ஓரிரவாவது தங்குகிறார்கள். புலம்பெயர்ந்த நம்மவர்கள் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் பிள்ளைகளோடு வருகிறார்கள். சைவச் சாப்பாடு கிடைக்குமா, கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் எவ்வளவு தூரம், பெரிய குடும்பத்துக்கு அடுத்தடுத்த அறைகள் உண்டா என்று தேடுகிறவர்களுக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கும் கண்டி விடுதிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். முதலாளி தமிழர், வரவேற்பில் நிற்கும் பிள்ளை தமிழ், சமையல்காரர் தமிழ், தளம் மட்டும் ஆங்கிலம். 2024 பெப்ரவரி 12 முதல் இந்தியப் பயணி தன் கைபேசியில் உள்ள யுபிஐ செயலியாலேயே நம் லங்கா கியூஆர் பலகையை ஸ்கேன் செய்து பணம் கொடுக்கலாம். அந்த வசதி நம்மிடம் உண்டு என்பதைத் தமிழில் ஒரு வரி எழுதிப்போட என்ன செலவு?

பணம் வாங்குவதில் உண்மையான தடைகளும் உண்டு. பேபால் மூலம் வெளிநாட்டிலிருந்து பணம் பெறும் வசதி நீண்ட காலமாகவே இலங்கையருக்கு மறுக்கப்பட்டு வந்திருக்கிறது. சிறிய விடுதிக்காரர் பதிவுத் தளங்களிடம் போய் விழுவதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். உள்ளூர் வங்கிகளும் பேஹியர் போன்ற நிறுவனங்களும் கார்ட் வழியாகப் பணம் பெறும் வசதியைத் தருகின்றன. ஆவணங்களைக் கொண்டு அலையத்தான் வேண்டும். இந்த விடயத்தில் ஒவ்வொரு முதலாளியும் தனித்தனியாக முட்டிக்கொள்வதைவிட, கண்டியின் வர்த்தகச் சங்கங்கள் கூட்டாக வங்கிகளோடு பேசிக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும். சங்கம் என்று ஒன்று இருப்பது வருடாந்த விருந்துக்காக அல்ல.

எல்லோருக்கும் பெரிய இணையத்தளம் வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். கம்பளை, நாவலப்பிட்டி, மாத்தளையிலிருந்து பஸ் ஏறி வந்து கல்யாணப் புடவை எடுக்கும் குடும்பங்களை நம்பி இருக்கும் கடைக்கு, கூகுள் மெப்பில் சரியான இடமும் சரியான நேரமும் இருந்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. போயா நாளில் திறப்பீர்களா, பெரஹரா நாட்களில் வீதி மூடினால் எந்தப் பக்கத்தால் வர வேண்டும், வாகனம் எங்கே நிறுத்தலாம் என்பதைப் போடுங்கள். புதிதாக வந்த சேலைகளை வட்ஸ்அப்பில் படமாக அனுப்புங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை, ஒரு ஆளின் அரை மணி நேரம்தான்.

செலவழிக்கிறவர்களும் பல நேரம் தவறான இடத்தில் செலவழிக்கிறார்கள். பேஸ்புக்கில் ஒரு படத்தைப் போட்டு 'பூஸ்ட்' செய்து, ஆயிரம் லைக் வந்தது என்று மகிழ்கிறார்கள். அதில் எத்தனை பேர் வந்து தங்கினார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. வரவேற்பு மேசையில் ஒரு கொப்பி வைத்து, 'எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?' என்று ஒவ்வொரு விருந்தினரிடமும் கேட்டு எழுதுங்கள். மூன்று மாதத்தில் எந்த வழி காசு கொண்டுவருகிறது, எந்த வழி காசை மட்டும் கொண்டுபோகிறது என்பது தெரிந்துவிடும். பெரிய நிறுவனங்கள் மென்பொருள் வைத்துச் செய்வதன் சாரம் இவ்வளவுதான்.

முகவரியின் உரிமையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாந்தவர்கள் ஏராளம். தளத்தை அமைத்துக் கொடுத்த பையன் டொமைனைத் தன் பெயரிலேயே பதிந்துவிடுகிறான். பிறகு அவன் வெளிநாடு போகிறான், புதுப்பிக்கும் திகதி தவறுகிறது, வருடக்கணக்காக அட்டைகளிலும் பெயர்ப்பலகையிலும் அச்சடித்த முகவரி ஒரு காலையில் வேறு யாருடையதோ ஆகிவிடுகிறது. கடையின் வியாபாரப் பதிவைப் பிறர் பெயரில் விட்டு வைப்போமா? டொட் எல்கே பதிவகத்தில் முதலாளியின் பெயரிலும், முதலாளி பார்க்கும் மின்னஞ்சலிலும் பதிவு இருக்க வேண்டும். 2010இலிருந்து '.இலங்கை' என்று முடியும் முகவரியைத் தமிழ் எழுத்திலேயே பெறவும் வழியிருக்கிறது. கண்டித் தமிழ் வணிகர்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

வேலை செய்ய ஆளில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். பேராதனையில் பல்கலைக்கழகம் இருக்கிறது. கணினி படித்த மலையகப் பிள்ளைகள் கண்டியில் ஒரு அறையில் உட்கார்ந்து அவுஸ்திரேலியக் கடைக்கும் நோர்வே நிறுவனத்துக்கும் தளம் செய்து கொடுக்கிறார்கள். சொந்த ஊர்க் கடைக்காரர் அவர்களிடம் வரும்போது, 'தம்பி, நம்ம பிள்ளைதானே, ஏதாவது பார்த்துச் செய்யுங்களேன்' என்கிறார். கூலி கொடுக்காமல் வாங்கிய தளம் ஒரு வருடத்தில் கைவிடப்படும், அதற்குப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. நியாயமான தொகையைப் பேசி, மாதம் ஒருமுறை பராமரிக்கும் வேலையையும் சேர்த்து எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். கொமிஷனாகப் போவதில் ஒரு சிறு பங்கு நம் பிள்ளைகள் கையில் நிற்கட்டும்.

எசல பெரஹரா ஆடியிலோ ஆவணியிலோ வரும். அதற்கான அறைகளை வெளிநாட்டவர் பல மாதங்களுக்கு முன்பே தேடத் தொடங்கிவிடுவார்கள். அதற்குள் மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள் என்று கண்டி முதலாளிமாரைக் கேட்டுக்கொள்கிறேன்: கடந்த பன்னிரண்டு மாதக் கொமிஷனைக் கூட்டி ஒரு தாளில் எழுதுங்கள், உங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள், உங்கள் தளத்தை உங்கள் கைபேசியிலேயே திறந்து, அதில் உள்ள இலக்கத்தை அழுத்தி, மணி அடிக்கிறதா என்று பாருங்கள்.